மாறிலி

பதினோரு ஆண்டு என் கரும்பலகையில்
n முடிவிலிக்குப் போய்க்கொண்டிருந்தது.
"மாறிலியை விட்டுவிடலாம்" என்றெழுதிவிட்டு
டீ குடிக்கப் போவேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் n
முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றுவிட்டது.
அத்தனையும் டிரெய்லர்.
துறைமுகக் கேட்டில் வரிசை பிரிப்பது இப்போது என் நிரல்.
மழையில் ஸ்கேனர் படிக்காது என்பது
எந்தத் தேற்றத்திலும் இல்லை.

வண்டிக்கு நாலே நிமிஷம்தானே என்றேன்.
டயரோரம் பல் துலக்கிக்கொண்டிருந்த தேசிங்கு
கொப்பளித்துத் துப்பினார்.
"இன்னா மேடம், அந்த நாலு
என்னாண்ட வர்றதுக்குள்ள
ஒரு ராவு பூடுது, ஒரு பகலும் பூடுது."

கரித்தூள் படிந்த மடிக்கணினியில்
நாலை மூன்றே முக்கால் ஆக்க
ஆறு வாரம்.
ஆய்விதழில் இது அடிக்குறிப்புக்கும் ஆகாது.

தேசிங்கு நேற்றும் திட்டினார்.
ஒரு மணி நேரம் முன்னதாக.