குடியிருப்போர்: மூவர்

வாடகை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில்
குடியிருப்போர் என்பதற்கு நேரே
மூன்று பெயர்கள்.
ரொசாரியோ. நான். செலின்.
கீழே வீட்டுக்காரி திருமதி கோவின் கையெழுத்து,
ஊதா மை, வாலில் ஒரு சுழி.

மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும்.
ஏப்ரலில் பிரசவம்.
சொல்லிடலாமா, என்றான்.
வயிறே சொல்லட்டும், பொறு, என்றேன்.

வயிறு இன்னும் வாய் திறக்கவில்லை.
பொங்கோலில் ஏறி டோபி காட் வரை
முன்னுரிமை இருக்கைக்கு முன்னால்
கம்பியைப் பிடித்து நிற்கிறேன்,
புளிப்பு ஏறி இறங்கும் தொண்டையோடு.
உட்கார்ந்திருக்கும் பையன் கைபேசியில்
யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறான்.
அவன்மேல் கோபமில்லை.
அவனிடம் காட்ட என்ன இருக்கிறது,
பையில் மடித்த ஒரு ஸ்கேன் படத்தைத் தவிர?

செலின் பிறந்த இரவு
தூத்துக்குடி ஆஸ்பத்திரி வராந்தாவில்
பதினேழு பேர் இருந்தார்கள்.
அதில் பாதிப்பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை.
இப்போது இருப்பது ஒரே கேள்வி:
வலி வரும் ராத்திரியில் செலின் யாரிடம்?
எதிர்வீட்டு சூரியானி இரவுப்பணி நர்ஸ்.
உட்லண்ட்ஸ் நண்பர் வந்துசேர முக்கால் மணி.
ரொசாரியோ அவளோடு இருந்துவிட்டால்
டாக்சியில் நான் மட்டும்.
ஃபிரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டி
ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டோம்.
மூன்றுக்கு நேரே
இன்னும் யாருமில்லை.

இங்கே பிறக்கும், இந்த ஊர்ப்பிள்ளை ஆகாது.
பாஸ்போர்ட் படத்துக்குக் கண் திறந்திருக்க வேண்டுமாம்.
பத்து நாள் சிசுவின் கண்ணை
எப்படித் திறந்துவைப்பது என்று
ரொசாரியோ இப்போதே தேடிப் படிக்கிறான்.
அவனுடைய வேலை அனுமதி ஆகஸ்டில் முடிகிறது.
அந்தக் கவலையை
இந்தக் கவலைக்குள் மடித்துவைத்திருக்கிறான்.
எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

செலினிடம் நாங்கள் சொல்லவில்லை.
வாந்தி எடுத்துவிட்டு நான் முகம் கழுவுகையில்
முதுகைத் தட்டிக்கொடுத்தபடி
மெய்மெய்? என்றாள்.

பாலர்பள்ளி லீ லாவ்ஷி கற்றுத்தந்த சீனம்.
தங்கச்சி என்று பொருள்.
எங்க, தங்கச்சி சொல்லு, என்றேன்.
தலையை ஆட்டினாள்.
மெய்மெய்.

ராத்திரி அதையே வாயில் போட்டு உருட்டினேன்.
மெய் என்றால் உடம்பு.
மெய் என்றால் பொய்யில்லாதது.
தலையில் புள்ளி வைத்த எழுத்தும் மெய்தான்,
தனியாக நகராது,
ஓர் உயிர் வந்து ஏற வேண்டும்.
உயிர் பன்னிரண்டு.
எனக்கும் அன்றைக்குப் பன்னிரண்டு வாரம்.
லீ லாவ்ஷிக்குத் தெரியாது,
தன் வகுப்பில் ஒரு தமிழ்ப் பாடம் நடந்தது.

பையனா இருந்தா? என்றான் இருட்டில் ரொசாரியோ.
தூங்கு, என்றேன்.

கடைசியில் திருமதி கோவுக்கு நானே எழுதினேன்,
மூன்று தடவை அழித்து.
பதில் உடனே வந்தது,
ஆடும் முயல் படம் ஒன்றோடு.
வாழ்த்துகள். குழந்தை சின்னதுதானே,
கணக்கில் வராது.
சுவரில் ஆணி மட்டும் அடிக்காதீர்கள்.

நல்ல மனுஷி.
நிம்மதியில் கை நடுங்கிற்று.
ஆனாலும் அந்தச் சொல்லை
கீழ்த்தளத்திலிருந்து மின்தூக்கிவரை
சுமந்துகொண்டே நடந்தேன்.
கணக்கில் வராது.

மின்தூக்கிக் கண்ணாடியில்
நவம்பர் மழை சொட்டும் குடையோடு நாங்கள் இருவர்.
செலின் விரல் நீட்டினாள்.
தான், ஒண்ணு.
நான், ரெண்டு.
என் சட்டை நுனியைத் தூக்கி
தொப்புளில் வைத்து, மூணு.
அப்பா மேல இருக்காரு. நாலு.

பிறகு பதினான்காம் பொத்தானுக்கு
எட்டாமல் எம்பினாள்.
கனமானது எதையும் தூக்கக்கூடாது
என்று டாக்டர் சொன்னதை
நினைத்துக்கொண்டேதான்
தூக்கினேன்.