சைக்கிள் மணி

எங்கள் நாட்டில் வாக்குச்சீட்டு இல்லை.
ஒரு கோலிக்குண்டு தருவார்கள்.
வேட்பாளருக்கு ஒரு பீப்பாய்,
பீப்பாய்க்கு ஒரு குழாய்,
குழாய்க்குள் ஒரு மணி.
குண்டு விழுந்தால் டிங்.
இரண்டு முறை கேட்டால் கள்ளவோட்டு.

அதனால் காம்பியாவில் தேர்தலன்று
சாவடிப் பக்கம் சைக்கிள் வரக்கூடாது.
வராமல் பார்ப்பது என் வேலை.
கழுத்தில் சங்கத்து அட்டை,
கையில் முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம்,
பையில் அவித்த வேர்க்கடலை.

சங்கம் என்றதும் கட்டடம் ஒன்றை நினைத்துவிடாதீர்கள்.
அலையாத்திக் காட்டில் சிப்பி வெட்டும் பெண்கள் பதினாறு பேர்,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நான்,
யாரிடமிருந்தோ வாங்கித் திருப்பித் தராத
ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

ஒன்றைத்தான் கேட்டோம்:
பீப்பாயின் கழுத்தில் கயிறு கட்டுங்கள்.
முதலாவதில் ஒரு முடிச்சு,
அடுத்ததில் இரண்டு,
அதற்கடுத்ததில் மூன்று.
பார்வையில்லாதவர் தடவிப் பார்த்து
தானே போட்டுவிட்டு வரட்டும்.

பத்துக் கடிதங்களுக்குப் பதிலில்லை.
பதினொன்றாவதற்கு, பரிசீலனையில் உள்ளது.
பன்னிரண்டாவதைப் பதினாறு பேரும் நேரில் கொண்டுபோனார்கள்,
சிப்பிக் கூடைகளை இறக்காமலே.
உச்சி வெயில்.
நாற்றம் தாங்காமலோ நியாயம் தாங்காமலோ
மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி.

ஜைனபா குஜாபி வந்தபோது மணி பத்தரை.
போன இரண்டு தேர்தலிலும்
அவள் குண்டைப் போட்டது மைத்துனன் கை.
எந்தப் பீப்பாய் என்று அவன் சொன்னதை நம்பினாளாம்.
நம்பினேன் என்று சொல்லும்போதெல்லாம்
அவள் தரையில் துப்புவாள்.
இன்றும் முழங்கையைப் பிடிக்க வந்தான்.
உதறிவிட்டு
திரைக்குப் பின்னால் தனியாகப் போனாள்.

வெளியே நான்
ஒரு கடலையின் தோலோடு போராடிக்கொண்டிருந்தேன்.
ஐஸ் விற்கும் பையன்
என்னைத் தாண்டிப் போனதைப் பார்க்கவில்லை.

டிங்.
டிங்.

முகவர்கள் எழுந்தார்கள். ஒரு நாற்காலி விழுந்தது.
இரண்டு! இரண்டு போட்டுவிட்டாள்!
தெரியாத வேலைக்கு ஏன் தனியாக விட்டீர்கள் என்று
மைத்துனன் கூரையைப் பார்த்துக் கத்தினான்.
திரையை விலக்கி வந்தாள் ஜைனபா,
சிப்பி ஓடு கீறிய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தபடி.

"நீங்கள் கொடுத்தது ஒன்று.
இரண்டாவதை
ஆற்றிலா பொறுக்கினேன்?"

அப்போதுதான் ஓடி வந்தேன்,
வாயில் கடலை, கையில் பையனின் சட்டைக் காலர்.
சைக்கிள், என்றேன். சைக்கிள்.
தலைமை அலுவலர் சிரிக்கவில்லை.
பையனை அதே இடத்தில் நிறுத்தி
மறுபடி அடிக்கச் சொன்னார்.
பையன் அழுதுகொண்டே அடித்தான்.
அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.
வரிசை முழுவதும் கேட்டது.

சரி. அடுத்தவர் வாருங்கள்.

ஆனாலும் மாலை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.
துளையிட்ட தட்டுகளில் குண்டுகளைக் கொட்டி
விரல்களால் பரப்பினார்கள்.
குழிக்கொன்றாக அவை உட்கார்ந்தன.
ஏட்டில் நானூற்றுப் பதினேழு பெயர்கள்.
மூன்று பீப்பாயும் சேர்த்து
நானூற்றுப் பதினைந்து, என்றார் ஒருவர்.
தட்டுக்கடியில் உருண்டு கிடந்த இரண்டைத்
தபால்காரர்தான் குனிந்து காட்டினார்.

எதில் போட்டாய் என்று
வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனான் மைத்துனன்.
"முடிச்சைக் கேள்" என்றாள்.

என் படிவத்தில்
வரிசை இருந்ததா, முத்திரை இருந்ததா,
மிரட்டல் இருந்ததா, எல்லாம் இருந்தது.
கடலைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:

பத்தரை மணிக்கு இரண்டு மணிகள்.
ஒன்று ஜைனபா குஜாபியுடையது.
மற்றது நான் விட்டது.
கவனக்குறைவு. தெம்போ சான்யாங்,
பார்வையாளர்.