அடியில் பச்சை

ஊர் எல்லைப் பலகையோடு தார் முடிகிறது.
அப்புறம் வடக்கே முழுக்கச் சரளை.
எதிரே லாரி வந்தால்
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்
கல்மாரிக்கு முகம் கொடுக்க வேண்டும்.
தடுப்பூசிப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் கட்டி
பதினோரு வருடம் போய்வந்தேன் அப்படி.

இப்போது விற்கிறேன்.
ஞாயிறு பேருந்தில் வருகிறாளாம்
புவெர்ட்டோ பெர்ட்ராண்டிலிருந்து ஒருத்தி, எடெல்மிரா.
நன்றாக ஓடுமா என்று கேட்கவில்லை.
எங்காவது அடிபட்டதா என்றாள்.
இல்லை என்றேன்,
யோசிக்காமல்,
உண்மை என்று நம்பி.

பானெட்டில் மட்டும் நாற்பத்து மூன்று காயம்.
பெரும்பாலும் கடுகு, சில மிளகு.
கதவிடுக்கில் ஒட்டியிருந்த எண்ணைச் சொல்லிக்
கொய்யாய்க்கேயிலிருந்து குப்பி வரவழைத்தேன்.
நகப்பூச்சுக் குப்பி அளவுதான்,
விலை மட்டும் ஒரு வார விறகு.
மூடியில் பெயர்: மூடுபனிச் சாம்பல்.

கழுவி, துடைத்து, ஸ்பிரிட் தொட்டு,
துருவை ஊசிமுனையால் நெம்பி எடுத்தேன்.
கை பழகிய வேலை.
தகரத்துக்கு ஒரே ஒரு நல்ல குணம்:
அம்மாவைக் கூப்பிடாது.

தூரிகை தடிப்பு. பல்குச்சிதான் சரி.
ஒரு சொட்டு. காத்திருப்பு. இன்னொரு சொட்டு.
டிசம்பர் காற்றில் பாப்லர் பஞ்சு பறந்து வந்து
ஈரத்தில் உட்கார்ந்தது.
எடுத்தேன். நாய் வந்து உரசியது.
மறுபடி எடுத்தேன்.
விறகுக் கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளினேன்.

காய்ந்த பிறகு பார்த்தால்
ஒவ்வொரு பொட்டும் தனித்துத் தெரிகிறது.
குப்பியில் இருப்பது
வண்டி பிறந்த நாளின் நிறம்.
வெளியே நிற்பது வெயில் தின்ற மிச்சம்.
ஒட்டுகிறது. ஒத்துப்போகவில்லை.
பரவாயில்லை, பத்தடி தள்ளி நின்றால் போதும்.

கடைசியாக இடது மட்கார்டு.
நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க
சாம்பல் போய் வெள்ளை வந்தது.
வெள்ளை போய்ப்
பச்சை.
நல்ல கிளிப்பச்சை.

வண்டியை எனக்கு விற்றவன் என் மச்சான்தான்.
“சர்ச்சுக்குப் போய்வரத்தான் எடுப்பேன்” என்றவன்.
போன் செய்தேன்.
“பச்சையா?” என்றான் எரிபெர்ட்டோ.
“எந்த மாதிரிப் பச்சை?”
பிறகு நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினான்.

ஒரு சொட்டு போதும், மூடிவிடலாம்.
பல்குச்சி கையில் இருந்தது,
முனையில் சாம்பல் திரண்டு தொங்கியது.
பதினோரு வருடம் எனக்கே தெரியாமல் ஓடியது.
அவளுக்கும் ஓடும்.
சொட்டு
செருப்பில் விழுந்தது.

ஞாயிறு, இடுப்பில் குழந்தையோடு
வண்டியைச் சுற்றிவந்தாள்.
நேராக அங்கேதான் குனிந்தாள்.
“இது?”
“வேறொரு வண்டி” என்றேன்.
“இதற்குள்ளே கொஞ்சம் இருக்கிறது.
போன வாரம்தான் எனக்கும் தெரிந்தது.”

அவள் நகத்தால் ஒருமுறை சுரண்டினாள்.
முப்பதாயிரம் குறை என்றாள்.
இருபது குறைத்தேன்.

மிச்சக் குப்பியையும் கேட்டாள்.
மூடியை இறுக்கித் தந்தேன்,
குலுக்கிவிட்டுத் திற என்று சொல்லி.
உள்ளே இரும்பு மணி ஒன்று உண்டு.
அதற்குள் குழந்தை பறித்துக்கொண்டது.

சரளையில் வண்டி திரும்பும்வரை
கேட்டுக்கொண்டிருந்தேன்:
பழக்கமான என்ஜின்,
அதற்கு மேலே
புதிதாக ஒரு கிலுகிலுப்பு.