யார் பேரில் பற்று

கல்லல் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம்.
முந்தாநாள் முகூர்த்தத்து வாழைமரம்
வாசலில் வாடிக்கொண்டு நிற்க,
உள்ளே கருத்துக்கேட்புக் கூட்டம்.
மணமக்கள் பெயர் ஒட்டிய தெர்மாகோலை
யாரும் இன்னும் கழற்றவில்லை.
அதன்கீழே
குர்கானிலிருந்து வந்த ஆலோசகரும்
வேர்த்து வழிந்த துணை ஆட்சியரும்.
நடுவில் நான், மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்;
மேடை ஏறினால் தனி.

மூன்று வாரம் அந்த அறிக்கையோடுதான் குடித்தனம்.
'நிகரப் பூஜ்யம்' என்று எழுதிவிட்டு
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
திரும்பி வந்தபோதும்
அர்த்தமே இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.
'நியாயமான நிலைமாற்றம்'
சம்பந்தி வீட்டார் மாதிரி விறைப்பாக நின்றது.
இலக்கு ஆண்டு இரண்டாயிரத்து எழுபது.
எனக்கு அப்போது தொண்ணூற்று மூன்று.
'பயன்பாடற்ற நிலம், அறுநூறு ஏக்கர்':
அதில் மட்டும் தடங்கலே இல்லை.
கை தானாக எழுதிக்கொண்டு போனது.
பிறகுதான் பயந்தேன்.

நான் எதிரி இல்லை.
பங்குனியிலேயே கண்மாய் பாளம்பாளமாய்க் கிடப்பதை
பஸ் ஜன்னல் வழியே பார்த்துத்தான் வருகிறேன்.
நிலக்கரி எரிவது நிற்கட்டும் என்பதை
நெஞ்சாரத்தான் தமிழாக்கினேன்.

ஆலோசகர் சொன்னார்; நான் சொன்னேன்:
"இங்கே வெயில் சும்மா கிடக்கிறது."
பின்வரிசையில் சிரிப்பு.
"அதுல நிக்கிறது யாராம்?"

ஆயில் மில்லில் கணக்கெழுதும் உமையாள் எழுந்தாள்.
மில் கூரையில் சோலார் போட்டது அவள் யோசனைதானாம்.
முதல் வருஷம் இறங்கிய பில்
நெட்வொர்க் கட்டணம் என்று மறுபடி ஏறியதாம்.
அதைக்கூட அவள் கேட்கவில்லை.
"பேரேட்டுல பூஜ்யம் தானா வராது சார்.
ஒருத்தர் பேர்ல வரவு வச்சா
இன்னொருத்தர் பேர்ல பற்று.
இந்தக் கணக்குல பற்று யார் பேர்ல?"

கணக்குச் சொல்லுக்கு
இங்கிலீஷில் நேர்ச்சொல் உண்டு. சொன்னேன்.
ஆலோசகர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அப்புறம் பஞ்சவர்ணம்.
கரிமூட்டம் போடுகிறவள்.
நகக்கண்ணில் கருப்பு,
கழுத்தில் கம்பெனி மாட்டிய 'பங்கேற்பாளர்' அட்டை.
"சனியன் பிடிச்ச கருவைதான்.
தண்ணியெல்லாம் குடிச்சிருச்சு. வெட்டுங்க, வேணாங்கல.
ஆனா அந்த அறுநூறு ஏக்கர்ல
எங்க மூட்டம் பதினாலு எரியுது.
ஆளில்லாத எடம்னு இந்தம்மா வாசிச்சாக.
இந்தப் புள்ள என்னமோ பற்றுன்னுச்சே,
எனக்கு அந்த எடத்து மேல இருக்கே,
அது வரவா, செலவா?"

அதே சொல்.
அரை நிமிஷத்துக்கு முன்
அலுங்காமல் மாற்றிக் கொடுத்த அதே சொல்.
இந்தமுறை வாய் வரவில்லை.
"வாழ்வாதாரம் குறித்துக் கேட்கிறார்" என்றேன் இங்கிலீஷில்.
அதற்கு அறிக்கையில் ஏற்கெனவே ஒரு பத்தி இருந்தது.
ஆலோசகர் நிம்மதியாகச் சிரித்தார்.

தேவகோட்டை பஸ்ஸுக்கு நின்றேன்.
பக்கத்தில் வந்து நின்றாள்.
கூட்டத்தில் கொடுத்த டிபன் பொட்டலத்தைப் பிரித்து
வடையில் பாதி எனக்கு நீட்டினாள்.
"அவுக சொன்னத எங்களுக்குச் சொன்னீக.
நான் சொன்னத அங்கிட்டு என்னன்னு சொன்னீக?"

பஸ் வந்திருக்கலாம்.

கூட்டக் குறிப்பை அன்றிரவே அனுப்பவேண்டும்.
ஒன்பதாம் பக்கம், நான்காம் வரி:
இங்கிலீஷுக்கு நடுவே
அவள் கேள்வியைத் தமிழிலேயே தட்டினேன், முழுசாக.

காலையில் மெயில்:
'ஒன்பதாம் பக்கத்தில் எழுத்துருக் கோளாறு.
சரிசெய்து அனுப்பவும்.'

இன்னும் பதில் போடவில்லை.
அறிக்கையைத் திறந்து
'பயன்பாடற்ற' என்ற சொல்லின் முன்னால்
கர்சர் மினுங்குவதைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.