லேன் ஏழு

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஏழாவது லேன் என்னுடையது.
வண்டி வலப்பக்கம் வந்து நிற்கும்.
வலப்பக்கம் திரும்பு, கை நீட்டு, சில்லறை, ரசீது.
இப்போதெல்லாம் பீப் அடித்ததும் பறந்துவிடுகிறார்கள்,
ஆனால் பீப் அடிக்காதவனுக்குத் தொண்டை பெரிது.
அவனுக்காகவும் வலப்பக்கம்தான்.
எட்டு மணி நேரம். மூன்று வருடம்.

வலி வருமுன் ஹெட்லைட் உடையும்.
ஓசூரிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பஸ்ஸும்
முகத்தில் கண்ணாடித் தூளைக் கொட்டிவிட்டுப் போகும்.
அப்புறம் வலக்கண்ணுக்குப் பின்னால் யாரோ
கிரானைட் அறுக்கத் தொடங்குவார்கள்.
வைகாசியில் கூழ் ஆலைக்கு மாம்பழ லாரிகள்.
அந்த வாசனைக்குக் குடல் தொண்டைக்கு ஏறும்.
இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டு
மாம்பழ வாசனை ஆகாது என்று
வெளியே சொல்ல முடியுமா?

சுக்குப் பற்று போட்டேன். கண்ணாடி மாற்றினேன்.
வீரபத்திரசாமி கோயிலில்
தலையில் தேங்காய் உடைத்துக்கொள்ளச் சொன்னார் கொழுந்தனார்.
ஏற்கெனவே உள்ளேயிருந்து உடைகிறது என்றேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்தான்
லண்டன்பேட்டை மாடியறைக்கு அனுப்பினார்.
ஃபிசியோ பெயர் தஸ்லீமா.
தலையைப் பற்றிக் கேட்கவே இல்லை.
"வேலையில எந்தப் பக்கமா உட்காருவீங்க?"
இடப்பக்க ஜன்னலில் சையத் பாஷா மலை.
தோள் அசையாமல் அதைப் பார்க்கச் சொன்னார்.
அடிவாரத்துப் பனை ஒன்று தெரிந்தது,
அதற்குள் கழுத்தில் கேட் இறங்கிவிட்டது.

மல்லாந்து படுத்தேன்.
மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் குழியில்
இரண்டு விரல்.
அழுத்தியது அங்கே,
வலித்தது கண்ணுக்குப் பின்னால்.
"இதுவா?"
இதுதான்.
மூன்று வருடமாக இரவில் கல்லெறிந்தவனின்
வீட்டு விலாசம் கிடைத்த மாதிரி
அழுதுவிட்டேன்.

"ஒற்றைத் தலைவலி உங்க உடம்போட வந்தது,
அதை என் கையால எடுத்துட முடியாது.
அதுமேல கழுத்து ஏத்துற பாரத்தை இறக்கலாம்.
டாக்டர் மாத்திரையை நிறுத்தாதீங்க."
ஓவர்லோடு எனக்குத் தெரியாதா,
அதற்குத் தனி ரசீதே போடுகிறோம்.

தாடையை உள்ளே இழு,
பீடி நாற்றத்தோடு ஒருவன் கிட்டே குனிந்தாற்போல.
தோள்பட்டை இரண்டும் பின்னால் சேரட்டும்,
நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் இருக்கிறது, விழக்கூடாது.
தூங்கும்போது சுருட்டிய துண்டு.
கேட் தூக்கும்போதெல்லாம் ஒரு தடவை
என்று நானே வைத்துக்கொண்டேன்.
காரில் வந்த குழந்தை ஒன்று
என் இரட்டை நாடியைப் பார்த்துச் சிரித்தது.

முதல் வாரம் வலி கூடியது.
திட்டிக்கொண்டே மாடி ஏறினேன்.
தஸ்லீமா விரலை இலேசாக்கினார், அவ்வளவுதான்,
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

ரசீதுக் கட்டின் பின்னட்டையில் கணக்கு இருக்கிறது:
சித்திரையில் பதினொரு நாள்.
ஆனியில் ஆறு.
ஆடியில் நாலு, அதில் ஒன்று
சம்பளம் வராத நாள், அதைக் கழுத்தின்மேல் எழுத முடியாது.
மலையில் இப்போது கோட்டைச் சுவர்வரை தெரிகிறது.

நேற்று இரவு இரண்டேகால். லேன் காலி.
மூச்சை விட்டுக்கொண்டே இடப்பக்கம் திரும்பினேன்.
கேட் இறங்கவில்லை.
இன்னும் கொஞ்சம்.
இன்னும்.
எட்டாவது லேன் பூத்.
அங்கே முனிரத்தினம், அவருடைய வலப்பக்கமாக,
அதாவது என்னை நோக்கியே, உட்கார்ந்திருந்தார்.
மூன்று வருடமாக என் கொண்டையை மட்டும் பார்த்துவந்த மனுஷன்
பேயைக் கண்டதுபோல் எழுந்துவிட்டார்.
நெற்றியில் தைலம் பளபளத்தது,
வலது ஓரத்தில் மட்டும்.

ஏதோ கேட்க வாயெடுத்தார்.
அதற்குள் நடுவே ஒரு முட்டை லாரி.
அதற்குப் பீப் அடிக்கவில்லை.
டிரைவர் பர்ஸைத் தேடுகிறான், பாட்டுப் பாடிக்கொண்டே தேடுகிறான்.
தேடட்டும்.
நான் திரும்பியபடியே இருந்தேன்.