மொட்டு வைத்தபின் திருப்பாதே

கிருனாவில் நகரமே நகர்கிறது.
அடியில் சுரங்கம் தின்றுகொண்டே வந்ததில்
எங்கள் தெருவின் முறை,
பனி உருகாத மே மாதம்.

ஸ்டூரே சாமான்களைக் கட்டி முடித்துவிட்டான்.
மிச்சம், ஜன்னலில் மெழுகுப்பூக் கொடி.
திரைக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி
ரேடியேட்டர் வரை தொங்கி
நுனியை மறுபடி தூக்கிப் பார்க்கிறது.

ஒன்பது வருஷமாக ஒரே தொட்டி.
வேர் நெருக்கினால்தான் பூக்குமாம்.
இலை லேசாகத் துவண்ட பிறகே தண்ணீர்;
சூரியன் எட்டிப்பார்க்காத வாரங்களில் அதுவும் கிடையாது.
ஈரத்துணியால் தூசி துடைப்பேன்,
அவ்வளவுதான் எங்களுக்குள்.

இந்த வருஷம் பார்த்து மொட்டு வைத்திருக்கிறது.
மிளகு மிளகாக, கொத்துக்கு இருபது.
"இப்போது அசைத்தால் உதிர்த்துவிடும்" என்றேன்.
ஸ்டூரே என்னைப் பார்த்தான்,
வாசலில் உறுமும் லாரியைப் பார்த்தான்.

மடியில் வைத்துக்கொண்டேன்.
மூன்று கிலோமீட்டரும்
நடை வேகத்தில் ஓட்டினான்.

புது வீட்டில் வெளிச்சம் தப்பான பக்கம்.
நாலாம் நாள் தரையெல்லாம் மிளகு.

பெருக்கி அள்ளினேன்.
காம்பை மட்டும் வெட்டவில்லை.
கட்டைவிரல் நீளம், மொட்டையாக நிற்கிறது.
அடுத்த பூவும் அதே காம்பில்தான்.

ஸ்டூரே கம்பிக்குச் சுவரில் துளை போடுகிறான்.
திரை
இன்னும் வாங்கவில்லை.