இடது குதிகால்

புச்சோன் ரயிலடிக்குக் கீழே
ஒரு நாணயத்துக்கு மூன்று சுற்று.
எதிர் இயந்திரத்தில் எவனோ
கருநாரையைத் தேர்ந்திருக்கிறான்.

அவள் தாழ்ந்து வருகிறாள்.
முழங்கை முதலில், உள்ளங்கை பிறகு,
தோளால் ஒரு பொய்.
அப்புறம் அந்தச் சுழலுதை;
பட்டால் பாதி உயிர் போகும்.

படவில்லை.
கால் எழும் முன்பே
இந்தப் பையனின் விரல்
தடுப்புக்குப் போய்விட்டது.
மறுபடி. மறுபடியும்.
தரையில் கிடக்கிறாள்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?"
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்:
"உதைக்கும் முன் இடது குதிகால்
துளி தயங்கும், அக்கா.
எல்லோருக்கும் தெரியும்."

எல்லோருக்குமா.
உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு ஒட்டி
எழுபது தடவை உதைக்கச் சொன்னார்கள்.
படப்பிடிப்பில் கம்பி அறுந்து விழுந்து
அப்போது நான்காம் வாரம்.
வலிக்கிறதா என்று கேட்ட ஹா கியூ-சிக்கிடம்
இல்லை என்றேன்.
முகத்தை மாற்றினார்கள்.
மார்பைப் பெருக்கினார்கள்.
கூந்தலை இடுப்புவரை வளர்த்தார்கள்.
வலியில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

பையன் சட்டைப்பையைத் துழாவுகிறான்.
நாணயம் நான் போடுகிறேன்.
இந்த முறை நீ அவளாக ஆடு.
குதிகாலைத் தயங்கவிடு,
உதைக்காதே.
அவன் மேலே தடுப்பான்.
முழங்கையைக்
கீழே இறக்கு.